இரண்டு பக்கமும் ஒன்றாய் எரிந்த விளக்குகள்

மூன்று மணிக்கு மேலாளர் வந்து நிற்பார். இப்போது மணி இரண்டேகால். அவளுக்கு நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் மனசு வரவில்லை.

ஆறு மாதத் தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. வேலை நிலைக்குமா என்பது, உள்சுற்றை நாமே எழுதி ஏற்றக்கூடிய இந்த எஃப்பிஜிஏ போர்டின் கையில். கணினியிலிருந்து ஒற்றைக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் எட்டு பிட்டுகளைப் பிடித்து எழுத்தாக்கும் ரிசீவரை அதில் அமைத்திருந்தாள். "டெஸ்ட் முடிந்தது" என்று நேற்றே அறிக்கையும் அனுப்பியாயிற்று. அந்த அவசரத்தை என்னவென்று சொல்ல! அனுப்பிப் பார்த்தது இசட் என்ற ஒரே எழுத்தைத்தான். கடைசி எழுத்தே ஒழுங்காக வந்தபின் மற்ற இருபத்தைந்தும் வராமலா போகும் என்று ஒரு நினைப்பு.

எதிரே உட்கார்ந்து சால்டரிங் செய்கிறவள் நாத்தனார். இந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். "வேற எழுத்தும் அனுப்பிப் பாரேன்" என்று நேற்றே சொன்னாள். "என் வேலையை நான் பாத்துக்கிறேன் அண்ணி" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள் இவள். அதோடு பேச்சு நின்றது.

இன்று சாப்பாட்டு நேரத்தில் சும்மா ஏ தட்டினாள். திரையில் குப்பை. பி ஒழுங்காக வந்தது. சி மறுபடி குப்பை. கம்பியை மாற்றினாள், வேகத்தைச் சரிபார்த்தாள், நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்தாள். பைத்தியம் பிடிக்காத குறை.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "இசட் போடு" என்றாள்.

போட்டாள். பிட்டுக்கு ஒன்றாகப் போர்டில் வரிசையாக இருந்த எட்டு விளக்குகளில் நான்கு எரிந்தன.

"எனக்கு இடப்பக்கத்திலேர்ந்து ரெண்டாவது, நாலாவது, அஞ்சாவது, ஏழாவது எரியுது. உனக்கு?"

"எனக்கும் அதேதான்."

"நான் எதிர்ப்பக்கம்ல இருக்கேன். அது எப்படி?"

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விகடகவி மாதிரி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இசட் ஒன்றுதான். பி-யும் அப்படியே. கம்பியில் கடைசி பிட்தான் முதலில் வரும். இவள் அதை முதல் பிட்டாக வைத்து, எல்லா எழுத்தையும் தலைகீழாக அடுக்கியிருக்கிறாள்.

ஒரு வரியைத் திருத்தி, போர்டில் புதிதாக ஏற்றுவதற்கான பில்டை ஓடவிட்டாள். கால்வாசி ஓடுவதற்குள் மேலாளர் வந்துவிட்டார்.

"ஓட்டிக் காட்டும்மா."

போர்டில் பழையதுதான் இருக்கிறது. இசட் தட்டினால் போதும், வேலை நிலைத்துவிடும். விரலும் அந்தச் சாவிமேல் போய் நின்றது. கையை எடுத்துவிட்டாள்.

"சார், நேத்து அனுப்பின ரிப்போர்ட் தப்பு. ஒரே எழுத்தை வச்சுப் பாத்துட்டு முடிஞ்சதுன்னு எழுதிட்டேன். இப்பதான் திருத்தினேன். பத்து நிமிஷம் ஆகும்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பத்து நிமிஷம் லேசில் நகரவில்லை.

புதியது போர்டில் ஏறியதும் விசைப்பலகையை எதிர்ப்பக்கம் தள்ளினாள். "உங்க இஷ்டத்துக்கு எதையாவது அடிங்க அண்ணி."

நாத்தனார் ஒற்றை விரலால் ஆங்கில எழுத்தில் நிதானமாகத் தட்டினாள். திரையில் ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றுகூடப் பிசகாமல் வந்து நின்றது: சாப்டியா.

மேலாளர் குனிந்து படித்தார். "முதல்ல அதுக்குப் பதில் சொல்லு. கையெழுத்து அப்புறம் போடறேன்."

"இன்னும் இல்ல அண்ணி" என்றாள்.