நனையாத ஒருவர்

புளியந்தீவின் பின்பக்கத்தில், நாங்கள் ஆறு என்றும் சொல்லும் வாவியை ஒட்டி எங்கள் நீச்சல் கழகம் இருக்கிறது. கழகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு போட்ட ஒரு கட்டடம், தண்ணீருக்குள் நீளும் பலகைத் துறை, துறையைச் சுற்றி முதலை வராமல் பாலைமரக் கம்புகளை நெருக்கி நட்ட ஓர் அடைப்பு. வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டியது. இப்போது அதில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குளிக்கிறோம்.

இங்கே புதிதாக ஒருவரைச் சேர்க்கும் முறை உலகத்தில் வேறெங்கும் இருக்காது என்று நினைக்கிறேன். சேர விரும்புகிறவர் முதலில் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். அங்கத்தவர்கள் துறையில் வரிசையாக நிற்பார்கள். மணி அடித்ததும், சம்மதம் உள்ளவர் தண்ணீரில் பாய்வார். சம்மதம் இல்லாதவர் பாயமாட்டார். ஒரே ஒருவர் நனையாமல் நின்றாலும் கதை முடிந்தது. அவரிடம் ஏன் என்று கேட்கக்கூடாது. அன்றைக்கு மட்டுமில்லை, ஒருபோதும் கேட்கக்கூடாது. மறுக்கப்பட்டவரைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. ஓர் ஆளுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான்.

அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. அப்பாவின் புண்ணியத்தில் நான் பத்து வயதிலேயே உள்ளே வந்துவிட்டேன். அதனால் இந்த முறையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, நுஸ்ரா கேட்கும்வரைக்கும்.

நுஸ்ரா என்னோடு வந்தாறுமூலை கம்பஸில் படிப்பவள். காத்தான்குடிப் பிள்ளை. செங்கலடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருநாள் கேட்டாள்.

“விதுர்ஷா, உங்கட கிளப்புல என்னையும் சேர்ப்பாங்களா?”

“உனக்கு நீந்தத் தெரியுமாகா?”

“கட்டார்ல பழகினன். வாப்பா வேல செஞ்ச இடத்துல ஒரு பூல் இரிந்திச்சி. இஞ்ச வந்த பிறகு தண்ணியில கால் வைக்கவே இல்ல.”

“உங்கட ஊருக்குப் பக்கத்துலதானே கடல்.”

“ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் ஆறு. நடுவுல இவ்வளவு சனம். அதுல நீந்தத் தெரிஞ்ச பொம்புள ஒருத்தியக் காட்டு பாப்பம்.”

அவளே தொடர்ந்தாள்: “உங்கட அடைப்பு மறைவான இடம். முதலையும் வராது. நான் மெம்பர் ஆகினா எங்கட புள்ளைகளக் கூட்டி வந்து பழக்கலாம். உம்மாவுக்கிட்டயும் கேட்டுட்டன். ஓம் எண்டுட்டா.”

அங்கத்தவர் மட்டும்தான் வெளியாரைக் கூட்டி வந்து பழக்கலாம் என்பது எங்கள் விதி. அதை அவள் எப்படியோ அறிந்து வைத்திருந்தாள். உம்மாவிடமும் கேட்டுவிட்டாள். மிச்சம் இருந்தது நாங்கள்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தலைக்குள் ஒரு குடைச்சல். யார் யார் எப்படி இந்தக் கழகத்துக்குள் வந்தார்கள்? உடை மாற்றும் அறையில் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் சுவரில் துணி மாட்ட ஒரு கொளுக்கி உண்டு; மேலே பெயர் எழுதியிருக்கும். ஆள் போனால் பெயின்ட் பூசி அடுத்தவர் பெயரை எழுதுவார்கள். நான் ஓர் ஆணியை எடுத்து மர்சூக் நானாவின் பெயரை ஓரமாகச் சுரண்டிப் பார்த்தேன். அவருக்குக் கீழே கந்தப்போடி இருந்தார். கந்தப்போடிக்குக் கீழே அண்ட்ராடோ என்று, வெள்ளையர் கலப்பில் வந்த ஒரு பறங்கியர். அவருக்கும் கீழே, வளைந்து வளைந்து ஆங்கிலத்தில், வாசிக்க முடியாத ஒரு வெள்ளைக்காரர்.

“என்ட பேர என்னத்துக்குப் புள்ள சுரண்டுறாய்? நான் இன்னும் மௌத்தாகல்ல!”

பின்னால் மர்சூக் நானா, தோளில் துவாயோடு. காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருப்பவர். தண்ணீரில் இறங்கினால் வாய் ஓயாது. நான் நுஸ்ராவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்தது.

“நல்ல விசயம்தானே. உடுப்பப் பத்தி ஆரும் கதைச்சா அந்தப் படத்தக் காட்டு.” சுவரில் தொங்கிய பழைய படத்தைச் சுட்டினார். துறையில் நான்கு வெள்ளைக்காரப் பெண்கள், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய குளியல் உடுப்பில், தலையில் தொப்பியோடு. “வெள்ளக்காரிச்சிகளும் இப்பிடித்தான் நீந்தினவங்க. நடுவுல கொஞ்சம் குறைஞ்சிது. இப்ப திரும்பி வருது.”

“நானா, இந்தப் பாயிற முறைய ஆர் கொண்டு வந்த?”

“அதுவா? அந்தக் காலத்துல ஒரு பெட்டிக்குள்ள வெள்ளக் குண்டும் கறுப்புக் குண்டும் போட்டுத்தான் தெரிவு. ஒரு கறுப்புக் குண்டு விழுந்தாப் போதும், ஆள் வெளிய. முதல்முதலா ஒரு தமிழ் டொக்டரக் கேட்டிரிக்காங்க. பெட்டியத் திறந்தா உள்ளுக்குக் கறுப்பு. அவரக் கூட்டி வந்த வெள்ளக்கார இஞ்சினியருக்கு வந்திச்சே கோவம்! பெட்டியத் தூக்கி ஆத்துல எறிஞ்சிட்டு, ‘விருப்பமில்லாதவன் ஒளிச்சிருந்து குண்டு போடாம மூஞ்சியக் காட்டிக்கிட்டு நில்லுங்க’ எண்டு சொல்லி, சப்பாத்தோட பாஞ்சவராம்.”

“பொய்!” என்று வெளியிலிருந்து ஒரு குரல். றொனி அண்ட்ராடோ அங்கிள், கொளுக்கியில் பெயர் கிடந்தவரின் பேரன். “பெட்டி வெள்ளத்துல போனது. நனைஞ்சி கிடந்தவனுகளுக்குக் குண்டு தேட நேரமில்ல, அதான் பாஞ்சவனுகள்.”

“உன்ட பாட்டன உள்ளுக்கு எடுத்த கதையில மட்டும் வெள்ளம் வரும்,” என்றார் மர்சூக் நானா.

எது உண்மை என்று தெரியவில்லை. இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முறையால்தான் வெள்ளையருக்குப் பிறகு பறங்கியர், கச்சேரியில் உத்தியோகம் பார்த்த தமிழர், வயற்காரப் போடிமார், காத்தான்குடி வியாபாரிகள் என்று ஒவ்வொரு கூட்டமாக உள்ளே வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ சிலர் மனமில்லாமல் துறையில் நின்று யோசித்து, கடைசியில் பாய்ந்திருக்கிறார்கள். கடைசியாகப் பாய்ந்தவர்கள் யார், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது.

“அதெல்லாம் சரி,” மர்சூக் நானா குரலைத் தாழ்த்தினார். “உதயரூபன் சேர் என்ன செய்வாரெண்டுதான் தெரியல்ல.”

உதயரூபன் சேர் எங்கள் கழகத் தலைவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். மணி அடிப்பது அவர்தான். பல வருடங்களாக இங்கே புது ஆள் ஒருவரும் சேரவில்லை. நான் சேருவதற்கு முன்பு ஒரு பல் டொக்டரைக் கேட்டபோது எல்லோரும் பாய்ந்தார்கள். சேர் மட்டும் மணிக்கயிற்றோடு நின்றார். பிறகு ஒரு பள்ளிக்கூட அதிபர் அம்மா. அதுவும் அப்படியே. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூட்டி வரவில்லை.

“ஏன் நிண்டவராம்?”

“ஏனெண்டு கேக்கப்படாதுதானே!” மர்சூக் நானா என்னை முறைத்தார். “புது ஆக்களப் புடிக்காது போல. விறைப்பான மனிசன்.”

எனக்கு இது பொருந்தவில்லை. அப்படி விறைப்பான மனிதர், மற்றவர்கள் பயமில்லாமல் குளிப்பதற்காக, வாவியில் தண்ணீர் வற்றும் காலத்தில் தோணியில் வந்து ஒவ்வொரு கம்பையும் தட்டிப் பார்ப்பது ஏன்? உக்கியதைப் பிடுங்கிப் புதிதாக நடுவது ஏன்? அதுவும் தோணியில் இருந்தபடியேதான் செய்வார். கால் நனையாது. நான் கழகத்துக்கு வந்த காலத்திலிருந்து அவர் குளித்ததைக் கண்ட ஞாபகமே எனக்கு இல்லை. நீச்சல் கழகத் தலைவர் நீந்தியதை நான் பார்த்ததில்லை! அது ஏன் இவ்வளவு நாளும் என் கண்ணில் படவில்லை?

நுஸ்ராவின் பெயரைத் தெரிவுக்குக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை சேர் தோணியில் கம்பு தட்டிக்கொண்டிருந்தபோது நானும் ஏறிக்கொண்டேன்.

“சேர், ஒண்டு கேக்கலாமா? கேக்கப்படாத கேள்வி.”

“அப்ப கேக்காத.”

“பல் டொக்டருக்கு ஏன் நீங்க பாயல்ல?”

அவர் கம்பைத் தட்டுவதை நிறுத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அடைப்புக்குள் இருந்த தண்ணீரைப் பார்த்தார்.

“இவடத்தக் கம்பு ஒண்டு உக்கி இரிந்திச்சி. நான் கவனிக்கல்ல. ஒருநாள் விடிய நான் தனியக் குளிக்கக்குள்ள தொடையில ஏதோ சொறசொறண்டு உரசிப் போச்சி. நிமிந்து பாத்தா, முதலை. அதுவும் என்னப் பாத்துது. நான் எப்பிடி மேல ஏறினனெண்டு இப்பவும் தெரியா.” அடுத்த கம்பை ஒரு தட்டுத் தட்டினார். “அதுக்கு மறுகா நான் இறங்கவே இல்ல. உள்ளுக்கு முதலை இல்லையெண்டு எனக்கு நல்லாத் தெரியும் புள்ள, கம்பு நடுறதே நான்தானே. காலுக்குத் தெரியாதே.”

“அப்ப டொக்டர்?”

“தங்கமான மனிசன். பாயத்தான் நிண்டன். கால் வரல்ல. எல்லாரும் என்னப் பாத்தாங்க. பயமெண்டு சொல்ல வெக்கமாப் போச்சி, தலைவரல்லவா. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கவுமில்ல. அப்பிடியே நான் விறைப்பான ஆளாகிட்டன்.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “இத ஒருத்தருக்கும் சொல்லாத. நுஸ்ரா புள்ளைக்கு எப்பிடியும் இறங்குவன்.”

நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அது எவ்வளவு பாரம் என்று தெரிந்தது.

தெரிவு நாள் வந்தது. நுஸ்ரா முழுநீள நீச்சல் உடுப்பில், படத்தில் இருக்கும் பெண்களைவிடக் கொஞ்சம் நாகரிகமாக, அடைப்பின் தூர மூலையில் கம்பைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய உம்மா துவாயை மடியில் வைத்துக்கொண்டு துறையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

சேர் மணி அடித்தார். நான் முதல் ஆளாகப் பாய்ந்தேன். பக்கத்தில் மர்சூக் நானா விழுந்த வேகத்தில் அடைப்பே ஆடியது. றொனி அங்கிள், மற்றவர்கள், ஒவ்வொருவராக. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் துறையைப் பார்த்தேன்.

சேர் படியில் நின்றார். ஒரு படி இறங்கினார். வலது காலை நீட்டினார். பெருவிரல் தண்ணீரில் படவில்லை. காலை எடுத்துக்கொண்டார். திரும்பவும் நீட்டினார். திரும்பவும் எடுத்தார்.

“முடிஞ்சிது,” என்று முணுமுணுத்தார் மர்சூக் நானா. எல்லோரும் வழக்கம்போல முகத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். அதுதான் எங்கள் மரியாதை. சேருக்குக் கொடுத்த வாக்கு என்னைச் சொல்ல விடவில்லை.

ஆனால் நுஸ்ராவுக்கு எங்கள் மரியாதையெல்லாம் தெரியாது. கம்பை விட்டாள். நேராகப் படிவரை நீந்தி வந்தாள். அழகாகத்தான் நீந்தினாள்.

“சேர், என்னில என்ன குறை?”

இந்தக் கேள்வியை அங்கே நின்று யாரும் கேட்டதில்லை.

சேர் அவளைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

“உன்னில ஒரு குறையும் இல்ல மகள். எனக்குப் பயம்.”

“என்ன பயம்?” என்றார் மர்சூக் நானா.

“முதலை.”

“அல்லாஹ்! இதுக்குள்ளயா?” மர்சூக் நானா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். “அப்ப... பல் டொக்டர்?”

“அவருக்கும் ஓம்தான்.”

“அதிபர் அம்மா?”

“ஓம்தான். எல்லாருக்கும் ஓம்தான்.”

“அட மனிசா! வாயத் திறந்து சொல்லியிரிக்கலாமே!”

“நீங்க கேட்டிரிக்கலாமே.”

பயத்தை மறைத்த ஒருவரும், மரியாதைக்காகக் கேட்காமல் இருந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் கழகத்தின் கதவைப் பூட்டி வைத்திருந்தோம். கதிரையில் இருந்த நுஸ்ராவின் உம்மாதான் முதலில் பேசினார்.

“இறங்க ஏலாட்டி என்ன? நனையத்தானே வேணும்? அந்தா வாளி இரிக்கு.”

கால் கழுவும் வாளி படியோரம் இருந்தது. றொனி அங்கிள் உடனே குறுக்கே வந்தார்: “குழாய்த் தண்ணி செல்லாது. ஆத்துத் தண்ணியா இரிக்கோணும்.”

“நான் அள்ளித் தாறன்,” என்றாள் நுஸ்ரா.

வாளியை வாங்கி, தான் நின்ற இடத்திலேயே தண்ணீரில் அமிழ்த்தி நிரப்பி, இரண்டு கையாலும் மேலே தூக்கிக் கொடுத்தாள். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. கண்ணை இறுக்கி மூடி, தலையில் கவிழ்த்தார். சேர்ட்டும் இடுப்பில் கட்டியிருந்த சாறமும் உடம்போடு ஒட்டின. ஒரு சாதாளைப் பாசித் துண்டு காதில் தொங்கியது.

மர்சூக் நானா கைதட்டுவதுபோலத் தண்ணீரில் கையால் அறைந்தார். எல்லோரும் அறைந்தோம். நுஸ்ரா தன் உம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். உம்மா துவாயை எடுத்துக்கொண்டு எழும்பினார். மகளுக்கா சேருக்கா கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

சேர் துவாயை வாங்கவில்லை. வாளியைத் திரும்ப நீட்டினார்.

“இன்னும் ரெண்டு தா மகள். இது அதிபர் அம்மாவுக்கு.”

ஊற்றினார். மூச்சை இழுத்து விட்டார். மறுபடி நீட்டினார்.

“இது பல் டொக்டருக்கு.”

“சேர், அவர் கனடாவுக்குப் போய்ட்டார்,” என்று கத்தினார் மர்சூக் நானா.

“போகட்டும்.” மூன்றாவது வாளியும் தலையில் கவிழ்ந்தது. “வந்தாக் குளிக்கலாம்.”