செம்பாவுக்கு நகராத கால்கள்

பிரேசிலிலிருந்து ஆறு பேர் கேமராவோடு எங்கள் லுவாண்டா தீவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் ஊர் சம்பா இசைக்கு எங்கள் ரெபிட்டா ஆட்டம்தான் தாயாம். தாயைப் பார்க்க வந்தோம் என்றார்கள்.

ஞாயிறு மதியம். எட்டு ஜோடி வேண்டும். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். ஆட்டத் தலைவர் ஜனுவாரியு, தன் மனைவி ஃபெலிசியானாவைத் தேடிப் போனார். கன்சர்டினா என்ற கைத்துருத்தி வாசிக்கும் நானும் கூடப் போனேன்.

அவர்கள் மகன் எலியாஸ் மீன்பிடிக்கப் போன படகு மூன்று மாதமாகத் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. துக்க வீட்டார் ஆடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆனால் ஃபெலிசியானா கறுப்பு உடுத்தவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஏதோ கப்பல் அவனைக் காங்கோ பக்கம் இறக்கிவிட்டிருக்கும் என்று சொல்லி, தினமும் அவனுக்கும் சேர்த்துச் சமைத்தாள். அவள் அழாததால் ஜனுவாரியுவாலும் அழ முடியவில்லை.

அவர் வாசலில் நின்றே கேட்டார்: "நீ துக்கத்துல இருக்கியா? இருந்தா சொல்லிடு, வேற ஆளைப் பாக்கறேன்."

அடுப்பருகே உட்கார்ந்திருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கென்ன துக்கம்?" என்று எழுந்து, ஆட்டத்துக்கான துணிகளை உடலில் சுற்றிக் கட்டத் தொடங்கினாள்.

அவளுக்கு ஜோடி மீன் வியாபாரி தொமே.

"உனக்கு முன்னாடி உன் தொப்பை வந்துடுது தொமே, அதுக்கும் ஒரு ஜோடி பாரு" என்றாள் ஃபெலிசியானா. எல்லோரும் சிரித்தார்கள். நான் வாசிக்கத் தொடங்கினேன்.

இரண்டு சுற்று நன்றாகவே போயிற்று. பிறகு ஜனுவாரியு "செம்பா" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு ஜோடிகள் எதிரெதிரே வந்து வயிற்றோடு வயிறு தொட வேண்டும். ஏழு ஜோடி தொட்டது. தொமே முன்னால் வந்தான். அவள் நகரவில்லை. அவர் மறுபடியும் குரல் கொடுத்தார். அவள் இரு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"இங்க இடிக்காத தொமே" என்றாள் மெதுவாக. "இங்கதான் அவன் இருந்தான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜனுவாரியு கையை உயர்த்தினார். நான் வாசிப்பதை நிறுத்தினேன். துக்க வீட்டார் ஆடக்கூடாது, மன்னிக்க வேண்டும் என்று அவர் விருந்தாளிகளிடம் சொன்னார்.

அவர்களில் ஒரு பெண் தயங்கி, யார் இறந்தது என்று கேட்டாள்.

"என் மகன்."

"ஐயோ, எப்போ?"

தரையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தபடியே ஜனுவாரியு சொன்னார்: "இப்பத்தான்."