விதை இல்லையென்று எழுதுங்கள்

கிழக்கு வெளுக்கும்போது எங்கள் தோள்களில் கயிறு தோலை உரித்திருந்தது. வேலிமுள்ளை வெட்டிக் கட்டாகக் கட்டி, மேலே கல்லைத் தூக்கிவைத்து, ஒரு கட்டுக்கு நான்கு பேர் என்று இழுத்தோம். முன்னால் முத்துமாரி மதினி குதிரைவாலியை வீசிக்கொண்டே போனாள். பின்னால் நாங்கள் முள்கட்டை இழுத்து, அவள் வீசிய விதையை மண்ணால் மூடிக்கொண்டே போனோம். மாடு செய்ய வேண்டிய வேலை. மாட்டை விற்றுப் பல வருசம் ஆகிவிட்டது. டிராக்டர்காரர்கள் ஒருத்தரும் வரவில்லை. முத்துமாரி கூட்டத்துக்கு உழவு ஓட்டுகிறவனுக்கு இனிமேல் என் காட்டில் வேலை கிடையாது என்று சிவராமலிங்கம் அண்ணாச்சி ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நல்ல மனுசன்!

கரிசல் புழுதி மூக்கில், பல்லிடுக்கில், இமைமயிரில் எல்லாம் அப்பியிருந்தது. துப்பினால் கறுப்பாக விழுந்தது.

"பொன்செல்வி, கயித்த எறக்கிப் பிடிட்டி, கட்டு தூக்கிக்கிட்டு வருது" என்று பின்னாலிருந்து ரசீதாக்கா கத்தினாள். பொன்செல்வி நான்தான்.

எங்கள் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் வானம் பார்த்த வெள்ளாமைதான். புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னாலேயே, காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிடுவோம். மழை விழுகிற அன்றைக்கு விதை உள்ளே தயாராகக் கிடக்க வேண்டும். மழை பெய்யட்டும், பிறகு விதைக்கலாம் என்று நின்றால் கரிசல் சகதியில் யாரும் இறங்க முடியாது. அந்த வருசம் அதோடு முடிந்தது.

இந்த ஆறு ஏக்கர்ப் புஞ்சைக் காடும் அண்ணாச்சி நிலம். பதினாலு வருசமாக நாங்கள் சேர்ந்து வாரத்துக்கு விதைக்கிறோம்; இப்போது பதினோரு பெண்கள். விளைந்ததில் மூன்றில் ஒரு பங்கு அவர் வீட்டுக்குப் போகும். ஆவணி மாசம் அவர் எங்களைக் கூப்பிட்டு, "இந்த வருசம் வெதைக்க வேண்டாம். சோலார் கம்பெனிக்குக் குடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விதை மண்ணுக்குள் போய்விட்டால், அறுப்பு முடியும்வரை அந்தக் காட்டை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பங்காளிகள் வெட்டிக்கொண்ட இடத்தில்கூட இதை யாரும் மீறினதில்லை. அந்த வழக்கத்தை நம்பித்தான் ஒருத்தருக்கும் சொல்லாமல், அந்த வெள்ளிக்கிழமை விடியுமுன்னே இறங்கினோம்.

அதில் ஒரு தப்பு நடந்தது. தப்பைச் செய்தவள் நான். விதை சேர்த்துவைக்கும் குலுக்கையைத் திறந்தபோது மதினி, "பாதிய வச்சிக்கிடுவோம்ட்டி" என்றாள். மண் குலுக்கையின் வாயில் கையை வைத்து மறித்துக்கொண்டுதான் சொன்னாள். எந்த வருசமும் பாதி விதை வீட்டில் இருக்கும். மழை பொய்த்தால் அடுத்த வருசத்துக்கு அதுதான். இந்த வருசம் இருந்தது மொத்தமே ஆறு ஏக்கருக்குத்தான் போதும். நான்தான் குதித்தேன்.

"பாதிக் காட்ட வெறுங்காடா விட்டா, அதக் காட்டியே முழுசையும் புடுங்கிருவாரு மதினி. எல்லாத்தையும் போடுங்க."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். குலுக்கையை வழித்தெடுத்தோம். கடையிலும் குதிரைவாலி விதை கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இது பதினாலு வருசமாக இந்தக் காட்டிலேயே விளைந்து, ஒவ்வொரு அறுப்பிலும் நல்ல கதிராகப் பார்த்து நாங்கள் ஒதுக்கிவைத்த விதை. இரண்டே மழையில் விளையும். ஊரே உளுந்தும் பாசியும் கருகிப்போய் நின்ற வருசம் எங்களுக்குப் பதினோரு மூட்டை வந்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறி நின்றுபோய் ரசீதாக்கா தெருவில் அடுப்பு எரியாமல் கிடந்தபோது, அதில்தான் நான்கு மூட்டையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் ரசீதாக்கா எங்களோடு காட்டு வேலைக்கு வந்தாள். அந்த விதை முழுதும் இப்போது புழுதிக்குள் கிடந்தது. ஒரு படிகூட எங்கள் வீடுகளில் கிடையாது.

கடைசி முள்கட்டை அவிழ்த்துப்போட்டு, தூக்குவாளியைத் திறந்து கஞ்சியைக் கையில் எடுத்திருப்போம். வண்டிப்பாதையில் புழுதி கிளம்பியது. முன்னால் அண்ணாச்சியின் கார். அடுத்து பைக்கில் வி.ஏ.ஓ. கடைசியாக மஞ்சள் நிறத்தில், பல்லைக் காட்டிக்கொண்டு, ஜேசிபி.

அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "ஏம்மா முத்துமாரி, வெதைக்க வேண்டாம்னு நான் சொன்னேம்லா?"

"சொன்னிய அண்ணாச்சி. நாங்க சரின்னு சொல்லலயே."

"ஓஹோ."

"வெதச்சாச்சு. தையில அறுப்பு முடியட்டும். பொறவு உக்காந்து பேசுவோம்."

அவர் காட்டை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நிதானமாகப் பார்த்தார். "வெதச்சாச்சா? எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலயே. வெறுங்காடால்லா கெடக்கு."

வி.ஏ.ஓ. பையிலிருந்து தாளை எடுத்தார். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அவர் எழுதுகிற அடங்கலின் நகல் அது. "தரிசுன்னு இருக்கும்மா. பயிர் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் நான் பயிர்னு எழுத முடியும். தரிசு நிலத்த அவரு சமப்படுத்துதாரு. அதுக்கு யாரும் தடை சொல்ல முடியாது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எப்படி இருக்கிறது பாருங்கள்! புழுதி விதைப்பு என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் தெரியாதவர் உண்டா? அண்ணாச்சியின் அப்பா விதைத்ததும் இதே புழுதியில்தான். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நின்றார்.

"உங்க வயித்துல அடிக்கணும்னு எனக்கு என்ன ஆசையா?" என்றார் அண்ணாச்சி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரேசன்ல அரிசி சும்மாத்தான குடுக்கான். என்னத்துக்கு இந்தக் காஞ்ச காட்டக் கட்டி அழுதிய?"

ரசீதாக்கா கையிலிருந்த கஞ்சியை வாளிக்குள் உதறிவிட்டு எழுந்தாள். "ரேசன் அரிசி இருவது நாளைக்கு வரும் அண்ணாச்சி. மிச்சம் பத்து நாளைக்கு உங்க சோலார் தட்டக் கழுவியா குடிக்க? தறி நின்னப்ப எம்புள்ளைங்க மூணு நாளு வெறும் டீயில கெடந்துச்சுங்க. அதுக்குப் பொறவு எங்க தெருவுக்குச் சோறு வந்தது இந்தக் காட்டுலேருந்துதான். அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன்."

"அப்ப கரெண்டு நாட்டுக்கு வேண்டாமா?"

"வேணும்" என்றாள் முத்துமாரி மதினி. "ஆரு வேண்டாம்னா? மேக்க உங்க பொத்தை கெடக்குல்லா, பாறையும் முள்ளுமா. அங்கன போடுங்க. வெயிலு அங்கயும் அடிக்கத்தான செய்யுது."

"பாறைய ஒடச்சுச் சமப்படுத்த ஒரு வருசம் ஆகும். கம்பெனிக்காரன் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டான்."

"கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டான். எங்க புள்ளைங்க மட்டும் பசியோட காத்திருக்கணும். அப்படித்தான அண்ணாச்சி?"

அவர் ஜேசிபிக்குக் கையைக் காட்டினார். இயந்திரம் உறுமியது. முன்கை மேலே எழும்பியது. நாங்கள் பதினோரு பேரும் ஓடிப்போய்ப் பாதையின் வாயில் குறுக்கே நின்றோம். டீசல் புகை முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்ற ரசீதாக்காவின் கை என் கைக்குள் வேர்த்துக் கிடந்தது.

மதினி மட்டும் குனிந்து காட்டின் ஓரத்திலிருந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். எறும்பு தூக்காமலிருக்கச் சாணியிலும் சாம்பலிலும் புரட்டின விதை. பார்த்தால் மண் மாதிரியேதான் இருக்கும். ஊதிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சி சிரித்தார்.

நான் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவள் உள்ளங்கையில் ஊற்றினேன். மண் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. அவள் கட்டைவிரலால் தேய்த்தாள். ஒன்று, இரண்டு, ஐந்தாறு. சாம்பல் கழன்று குதிரைவாலி மினுக்கியது. அவள் நேராக வி.ஏ.ஓ.விடம் போய், அவருடைய கையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, விதையை அதில் வைத்தாள்.

"பாத்துக்கிடுங்க சார்."

அவர் பார்த்தார். விரலால் புரட்டியும் பார்த்தார். "விதை இருக்குதான். ஆனா பயிர்னு நான் எழுத முடியாதேம்மா. எழுதினா என் வேலைக்கே ஆபத்து வந்துரும்."

"பேச்செல்லாம் போதும். எலே, வண்டிய எடு!" என்று அண்ணாச்சி ஓட்டுநரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

அப்போது என் வாயில் எப்படி வந்ததோ தெரியாது. "சார், பயிர் இருக்குன்னு நீங்க எழுத வேண்டாம். இங்கன வெத இல்லன்னு எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாங்க வெலகிக்கிடுதோம்."

மதினி திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. விதையை முழுதாகப் போடச் சொன்ன அதே வாய். இப்போது மறுபடியும் முழுதையும் ஒரே வார்த்தையில் பணயம் வைத்துவிட்டது. அவர் எழுதிவிட்டால்? இரண்டு வரி, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பதினாலு வருசத்து விதையும் மண்ணோடு மண்ணாகப் புரண்டுபோகும்.

வி.ஏ.ஓ. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இன்னொரு கையில் ஈர விதை ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கையால் தாளைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"எழுதுங்க சார். என்ன யோசனை?" என்றார் அண்ணாச்சி.

திடீரென்று இயந்திரத்தின் சத்தம் நின்றது. ஓட்டுநர் கீழே குதித்தார். முப்பது வயது இருக்கும், முகமெல்லாம் கிரீசு. "ஆமா சார், எழுதிக் குடுங்க. வெறுங்காடுன்னுதான் என்னையக் கூட்டியாந்தாங்க. எனக்கு ஊரு இளையரசனேந்தல். எங்கய்யா முந்தாநாளு புழுதியிலதான் வெதச்சிருக்காரு. நாளைக்கு வெதமேல வண்டிய விட்டது ஆருன்னு கேட்டா என்னையத்தான கை காட்டுவாங்க? இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் எறக்குதேன்."

"ஒனக்கு என்னலே இதுல பேச்சு? வண்டிய எடுன்னா எடு!"

"எழுதிக் குடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

வி.ஏ.ஓ. கையிலிருந்த விதையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பேனாவை மூடினார். "கையில வச்சுக்கிட்டு இல்லன்னு எப்படி எழுத? என்னால முடியாது அண்ணாச்சி. மேல போயி ஆர்டர் வாங்கிட்டு வாங்க." விதையைக் கீழே தட்டாமல் பத்திரமாக மதினியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அண்ணாச்சியின் முகம் சிவந்துபோனது. "திங்கக்கிழமை வாரேன். போலீசோட வாரேன். அன்னிக்கு எவ வந்து மறிக்கான்னு பாக்குதேன்."

கார் போனது. பைக் போனது. ஜேசிபியும் பின்னாலேயே உருண்டு போனது. நாங்கள் கத்தவுமில்லை, சிரிக்கவுமில்லை. வானத்தைப் பார்த்தோம். ஒரு பொட்டு மேகம் இல்லை. திங்கட்கிழமைக்குள் மழை விழுந்து முளை தெரியப் போவதில்லை. அன்றைக்கு வேறு ஓட்டுநர் வருவான். எல்லாம் என்னால்தானே என்று நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். "சும்மா இருட்டி. நீ மட்டுமா போட்ட? நாம எல்லாரும்தான போட்டோம்" என்று மதினி அதட்டினாள்.

மத்தியானம் தெற்கேயிருந்து ஒரு கூட்டம் வந்தது. பனவடலிசத்திரத்துக்காரர்கள். தெற்கே அண்ணாச்சிக்கு இன்னும் நாற்பது ஏக்கர் உண்டு. அதை வாரத்துக்குச் செய்கிறவர்கள் இவர்கள். அவர்களுக்கும் அதே சோலார் சேதிதான் சொல்லப்பட்டிருந்தது. பயந்துபோய் விதைக்காமல் கிடந்தார்கள். முன்னால் வந்த சங்கரேஸ்வரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பிடித்து ஏசினாள்.

"ஏட்டி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னா உங்க வாயா வெந்துபோவும்? களவாணி மாதிரி ராவோட ராவா வெதச்சிருக்கிய? சேந்து எறங்கியிருந்தா அந்த ஆளு இவ்வளவு தூரம் பேசுவாரா?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சொன்னால் சேதி அண்ணாச்சி காதுக்குப் போய்விடும் என்று நாங்கள் அவர்களை நம்பவில்லை. அதுதான் வெட்கம்.

ஏசி முடித்துவிட்டுத் தலையிலிருந்த ஓலைப்பெட்டியை இறக்கினாள். "நாங்களும் போடப் போறோம். திங்கக்கிழமைக்குள்ள நாப்பதையும் போடணும். ஆளு வாங்க." பிறகு பெட்டியிலிருந்து நான்கு படி குதிரைவாலியை அளந்து மதினியின் முந்தானையில் கொட்டினாள். "இது மண்ணுக்கில்ல, வீட்டுல வையுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால உங்ககிட்ட வாங்குன வெததான்."

பதினாலு வருசத்து விதை! நான் குனிந்து அதற்குள் கையை விட்டேன். அழுகை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை யாரும் அதட்டவில்லை.

சனிக்கிழமை நாங்கள் எழுபது பேர். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. ரசீதாக்கா தன் தெருவையே இரண்டு வேனில் கூட்டிவந்துவிட்டாள். கயிறு பிடித்துப் பழக்கமில்லாத தறிக்காரர்கள் கையெல்லாம் கொப்புளித்துப்போய், "தறியே தேவல" என்று புலம்பிக்கொண்டே இழுத்தார்கள். அன்று பொழுது சாயும்போது நாற்பது ஏக்கரும் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை விடிந்தது. அன்றைக்கும் மழை இல்லை. வேனில் வந்தவர்கள் தறிக்குத் திரும்பவில்லை; சேதி கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். வெயில் ஏறுமுன்னே வண்டிப்பாதையில் புழுதி தெரிந்தது. ஜீப் இரண்டு. பின்னால் மஞ்சளாக மூன்று இயந்திரங்கள். எங்கள் கூட்டம் கசமுசவென்று அசைந்தது. சின்னவர்கள் சிலர் ஆவேசத்தோடு குறுக்கு வழியாக ஓட, காட்டுக்குள் இறங்கப் போனார்கள்.

"யாரும் உள்ள எறங்காதிய!" என்று முத்துமாரி மதினி போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். "வரப்புமேல நில்லுங்க மக்கா. கீழ வெத கெடக்கு."

இருநூறு பேர் வரப்பில் ஏறி வரிசையாக நின்றோம்.