நேராக இருந்த தரை

டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி தன் கண்ணை நம்பிய அளவுக்குக் கட்டிய நூலைக்கூட நம்பியதில்லை. கடைசியில் அந்தக் கண்தான் அவர் காலை வாரிவிட்டது.

ஒரு வீட்டின் கூடத்தில் தங்கை புருஷன் பதித்து முடித்த தரையைக் குனிந்து பார்த்தார். கோடுகள் எல்லாம் நடுவில் வயிறு தள்ளி நின்றன.

"என்ன மாப்ளே இது? பாம்பு நெளியுற மாதிரி போட்டு வச்சிருக்கே?"

"நூல் பிடிச்சுத்தான் போட்டேன் மச்சான். நேராத்தான் இருக்கு."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

வாயிலிருந்த சிகரெட்டைக்கூட எடுக்காமல், வீட்டுக்காரர் பார்க்க, கன்னத்தில் ஒன்று விட்டார். இத்தனை வருஷம் கூடவே உழைத்த மனுஷன் சிமெண்ட் பூசும் கரணையைக் கீழே வைத்துவிட்டுப் போனான். மேஸ்திரி தரையைப் பெயர்த்துத் தானே பதித்தார். அதுவும் நெளிந்தது. டைல்ஸ் விற்றவனைத் திட்டித் தீர்த்தாரே ஒழிய, ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. பிடிவாதத்துக்கு மருந்தா இருக்கிறது?

சில மாதங்கள் கழித்து மனைவி இழுத்துக்கொண்டு போனபோது இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போயிருந்தது.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்றார் டாக்டர்.

"அப்பாவுக்குக் கடைசிக் காலத்துல. வயசாச்சுன்னு விட்டுட்டோம்."

"வயசையும் அப்பாவையும் நீங்க மாத்த முடியாது. சிகரெட்டை விட்டிருக்கலாம். இந்த வியாதியில நேர்க்கோடு நெளிஞ்சுதான் தெரியும். அப்படித் தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம். கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே கண்ணைப் பார்க்கச் சொல்லுங்க."

கூடப் பிறந்தவள் ஒருத்திதான். எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறுவது? ஆனாலும் ஏறினார். கதவைத் திறந்தவன் மாப்பிள்ளை என்று குரலை வைத்துத்தான் தெரிந்தது.

"வாங்க மச்சான்."

"தங்கச்சிக்குக் கண்ணைக் காட்டு மாப்ளே. எங்கப்பா வழி வந்த வியாதி. அவளுக்கும் வரலாம்."

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"உன் தரை நேராத்தான் இருந்திருக்கு. பாவி நான் உன் மேல நாலு பேர் முன்னால கைநீட்டிட்டேன். என்னை மன்னிப்பியா?"

மேஸ்திரி அவன் முகத்தைத் தேடினார். காது தெரிந்தது, தலைமுடி தெரிந்தது, சட்டைக் காலர் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அவன் அழுகிறானா, முறைக்கிறானா?

"தலையை ஆட்டினியா மாப்ளே? எனக்குத் தெரியலப்பா. வாயைத் திறந்து சொல்லு."