ஏரிக்கரைப் பலகை

ஏரிக்கரையில் அந்தப் பலகையை நட்டவர்கள் ஒரு காரியத்தை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள். ‘சைக்கிள் ஓட்டக் கூடாது. மீறினால் பறிமுதல் செய்யப்படும். இப்படிக்கு, காலை நடைப்பயிற்சியாளர் சங்கம்.’ பறிமுதல் செய்ய இவர்கள் யார் என்று கேட்கத்தான் ஊரில் ஆள் இல்லை. நகராட்சி கல் பதித்து, ஓரத்தில் கம்பி வைத்து, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பொதுவாகத் திறந்துவிட்ட பாதை அது. திறந்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாம் மாதமே பாதை நடக்கிறவர்களின் பாட்டன் சொத்தாகிவிட்டது.

டெபோராவுக்கு அந்தப் பாதை காற்று வாங்கும் இடம் இல்லை. அவள் பரந்தாமன் வைத்திருந்த ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். விடிகாலையில் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்குப் போவாள். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுப்பாள். குழாய்களை ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் அடுக்கிக் கேரியரில் கட்டிக்கொண்டு, டவுனில் இருக்கும் லேபுக்குத் திரும்புவாள். கரைமேல் வந்தால் பத்து நிமிடம். இல்லாவிட்டால் திருப்பதி ரோட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த ரோட்டில் லாரிக்காரன் சைக்கிளை ஒரு வண்டியாகவே மதிப்பதில்லை. அவளுக்கு முன்னால் இதே வேலையைப் பார்த்த சுசித்ராவை அங்கேதான் ஒரு டிப்பர் தட்டிவிட்டுப் போனது. சுசித்ராவின் தொடையில் இப்போது கம்பி இருக்கிறது. வேலை டெபோராவுக்கு வந்ததே அப்படித்தான். அதனால் கரை போனால் வேலையும் போகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கரைமேல் எப்படிப் போக வேண்டும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இடது ஓரமாகவே போவாள். முன்னால் ஆள் இருந்தால் முப்பது அடிக்கு முன்பே மணி அடிப்பாள். ஒரு தடவைதான், விடாமல் அடித்து ஆளைத் துள்ள வைப்பது அவளுக்குப் பிடிக்காது. நாய், மாடு, குழந்தை என்று எது குறுக்கே வந்தாலும் இறங்கிவிடுவாள். நடக்கிறவர்களோ நான்கு பேர் கைகோத்த மாதிரி அகலமாக வருவார்கள், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு. மணி கேட்டால் ஒருவர் இடதுபக்கம் ஒதுங்குவார், ஒருவர் வலதுபக்கம். மூன்றாமவர் நட்ட நடுவில் நின்று ‘யாரு?’ என்று திரும்பிப் பார்ப்பார். அதற்கு எந்தச் சங்கமும் பலகை வைக்கவில்லை.

பாதையில் ஒரு வளைவு உண்டு. அந்த இடத்தில்தான் மலைக்கோயில் கோபுரம் கண்ணில் படும். நடக்கிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று, செருப்பைக் கழற்றி, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். டெபோரா அதற்கு மட்டும் மணி அடித்ததே இல்லை. ஜெபம் பண்ணுகிறவரை அவசரப்படுத்தக் கூடாது என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவள் இறங்கிக் காத்திருப்பாள். யார் எவ்வளவு நேரம் கும்பிடுவார் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. சங்கத் தலைவர் நாகராஜன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சரியாக இருபது எண்ணுவதற்குள் முடித்துவிடுவார்.

ஆனி மாதக் கிருத்திகை அன்று அந்தக் கணக்கு தவறிவிட்டது. அவர் கும்பிட்டு முடித்துக் கையை இறக்கினார். முடிந்தது என்று அவள் ஏறி மிதித்தாள். ஆனால் கிருத்திகை அன்று மட்டும் கும்பிட்ட பிறகு தன்னைத்தானே மூன்று சுற்று சுற்றிக்கொள்வது அவர் வழக்கம். இரண்டாம் சுற்றில் கண்ணை மூடியபடியே ஓர் அடி பின்னால் வந்தார். டெபோரா சைக்கிளை ஒடித்துத் திருப்பினாள். ஹேண்டில்பார் அவர் முழங்கையை உரசியது. அவர் பாதையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கம்பியில் மோதி விழுந்தாள். பெட்டியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டதில் குழாய் ஒன்றும் உடையவில்லை, முழங்கால்தான் தோலுரிந்தது.

“கிருத்திகைன்னு கூடவா தெரியாது உனக்கு? நீ இந்த ஊருதானே?” என்று அவர் கத்தினார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தப்பு அவள் பக்கமும் இருந்தது. முந்தின நாள் ராத்திரியே பஸ் ஸ்டாண்டில் பக்தர் கூட்டத்தைப் பார்த்திருந்தாள். யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

“தெரிஞ்சிருக்கணும் சார். மன்னிச்சிக்கோங்க,” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பெட்டியைத் திறந்து, தன் கையாலேயே அவர் முழங்கையைப் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் பலகை முளைத்தது.

நேரில் போய்க் கேட்டாள். “உருட்டிக்கினு போம்மா, யார் வேணான்னது?” என்றார் நாகராஜன். உருட்டிக்கொண்டு போனால் பத்து நிமிடம் நாற்பதாகும். பசியோடு காத்திருப்பவர்கள் ஒரு வீட்டில் இருந்தால் பரவாயில்லை, ஒன்பது வீட்டில் இருக்கிறார்கள். அவள் திருப்பதி ரோட்டில் போய்ப் பார்த்தாள். பத்து நாள் போனாள். பத்தாம் நாள் ஒரு லாரி அவளைத் தார் ரோட்டில் இருந்து மண்ணுக்குத் தள்ளிவிட்டு ஹாரனும் அடித்துக்கொண்டு போனது. அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. லாரிக்காரன் மேல் இல்லை, பலகை மேல்.

ஆடிக்கிருத்திகைக்கு ஊர் திமிறியது. காவடிக் கூட்டத்துக்காக வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். திருப்பதி ரோட்டுப் பக்கம் எறும்பு நுழைய இடமில்லை. காலனியில் இருந்து டவுனுக்கு வர மீதி இருந்தது ஏரிக்கரை ஒன்றுதான்.

அன்றைக்கு லீவு எடுக்கவும் முடியாது. நாகராஜனின் மனைவி மணியம்மைக்கு மறுநாள் கண் ஆபரேஷன். சர்க்கரை ரிப்போர்ட் பத்து மணிக்குள் டாக்டர் கைக்குப் போக வேண்டும். அவர் வாக்கிங் கிளம்பிய பிறகுதான் டெபோரா அந்த வீட்டில் ரத்தம் எடுத்தாள். அம்மாள் பயத்தில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது டெபோரா உருட்டவில்லை. ஓட்டிக்கொண்டே வந்தாள். பலகைக்குப் பக்கத்தில் சங்கத்தார் ஏழெட்டுப் பேர் அணிவகுத்து நின்றார்கள். நாகராஜன் கையை நீட்டித் தடுத்தார். அவள் இறங்கியதும் ஒருவர் பூட்டை அழுத்திச் சாவியை உருவிக்கொண்டார்.

“போர்டு தெரியல?”

“தெரியுது சார்.”

“தெரிஞ்சிக்கினே ஓட்டிக்கினு வர்றியா?”

“ஆங். தெரிஞ்சிக்கினேதான் வரேன்.”

அவள் பெட்டியைக் கேரியரில் இருந்து அவிழ்த்து நாகராஜன் காலடியில் வைத்தாள்.

“சைக்கிள வெச்சிக்கோங்க. இதையும் நீங்களே கொண்டு போய் லேப்ல குடுத்துடுங்க. ஒன்பது மணி வரைக்கும் ஐஸ் தாங்கும். அப்பால எல்லாரும் நாளைக்கு மறுபடியும் பட்டினி கெடந்து குத்திக்கணும். யார் யாருதுன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்கவங்களுக்குத் தெரியும்.”

அணியில் நின்ற இரண்டு பேர் தங்கள் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை அவசரமாகச் சட்டைக் கைக்குள் மறைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நாகராஜனின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மணியம்மையின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது.

“டெபோரா லேபுக்குப் போய்ட்டாளான்னு பாருங்க. டாக்டரு கேட்டுக்கினே இருக்காரு.”

“இங்கதான் நிக்கிறா. சைக்கிள புடிச்சி வெச்சிருக்கோம்.”

“எதுக்கு?”

“போர்ட மீறி ஓட்டிக்கினு வந்தா.”

மணியம்மை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். “உங்களுக்கு என் கண்ணு வேணுமா, அந்தப் போர்டு வேணுமா?”

நாகராஜன் போனை அணைத்தார். முகம் சிவந்திருந்தது. சாவியை வாங்கி டெபோராவிடம் நீட்டினார். “சரி, நீ போ. மருத்துவ வேலைன்னா விட்றலாம். உனக்கு மட்டும் சங்கத்துல அனுமதி குடுத்துடறோம்.”

அவள் சாவியை வாங்கவில்லை.

இதற்குள் பின்னால் எல்லப்பன் வந்து நின்றிருந்தான். விசைத்தறி ஷெட்டில் வேலை. தினமும் இந்தக் கரை நெடுக சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், ஷிப்டுக்கு லேட் என்று முதலாளியிடம் வசவு வாங்குகிறவன். அவனுக்குப் பின்னால் பூக்கூடையைக் கேரியரில் கட்டிய ஒரு பெண். எல்லோரும் உருட்டிக்கொண்டுதான் வந்தார்கள், ஏதோ குற்றம் செய்தவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டு.

“இவங்களுக்கு?” என்று கேட்டாள் டெபோரா.

“அவங்களுக்கு இன்னா அவசரம்? நடந்து போவட்டும்.”

“எனக்கு மட்டும்னா வேணாம் சார்.”

“நேரம் ஆவுதும்மா!”

ஆகத்தான் செய்தது. ஏழே கால். மணியம்மை விரலைப் பிடித்திருந்தது ஞாபகம் வந்தது. ஒரு நொடி மனசு இளகி, கை சாவிக்காக நீளப் பார்த்தது. இப்போது வாங்கிவிட்டால் நாளைக்கும் இவர்கள் இரக்கப்பட்டுத்தான் தன்னை விட வேண்டும், கோபம் வந்தால் மறுபடியும் சாவியை உருவலாம் என்பது அவளுக்கு உறைத்தது. எட்டரை வரை காத்திருந்தாலும் நேரம் போதும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அன்னிக்கி உங்கள இடிச்சது என் தப்பு. அதுக்கு மன்னிப்பு கேட்டேன், இப்பவும் கேக்கறேன். என்னைத் திட்டிட்டுப் போயிருக்கலாம். வழிய எப்படி சார் பூட்டுவீங்க? நீங்க நடக்கறதுக்கு நான் எறங்கி நின்னு வழி விடலியா? நீங்க ஓரமா நில்லுங்க, நாங்க மெதுவா போறோம். அவ்வளவுதானே? போர்ட எடுங்க.”

“மீட்டிங் போட்டுத்தான்—”

“நடும்போது யார் கூட மீட்டிங் போட்டீங்க?”

எல்லப்பன் சிரித்துவிட்டான். அது சங்கத்தாரில் ஒருவருக்கும் தொற்றிக்கொண்டது. முழங்கையில் பஞ்சு வைத்திருந்தவர்களில் ஒருவர், “எடுத்துடலாம் சார், எதுக்கு வம்பு?” என்று முணுமுணுத்தார். நாகராஜன் சுற்றிலும் பார்த்தார். அவர் பக்கம் முழுசாக ஒருவரும் இல்லை. பலகையின் காலைப் பிடித்து ஆட்டினார். சிமெண்ட் போட்டு நட்டிருந்தார்கள், அசையவில்லை. எல்லப்பன் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து மறுபக்கம் பிடித்தான். பிறகு இன்னொருவர். மூன்று பேருமாக ஆட்டி, இழுத்து, சிமெண்ட் கட்டியோடு பெயர்த்து ஓரத்தில் போட்டபோது நாகராஜனுக்கு மூச்சு வாங்கியது.

டெபோரா சாவியை வாங்கினாள். பெட்டியை மறுபடி கேரியரில் வைத்து, கயிற்றை இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றிக் கட்டினாள். சைக்கிளில் ஏறிக்கொண்டாள். நாகராஜன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இடது பக்கமாக ஒதுங்கி நின்றார். நன்றி சார் என்று பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தன் வழியில் தான் போவதற்கு எதற்கு நன்றி? வாயை மூடிக்கொண்டு மிதித்தாள்.