கடிக்காத நாய் கடித்ததாக நான் எழுதியது

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். 2012 ஆகஸ்டில், ஒரகடத்தில், ஏசி அறையில் உட்கார்ந்து, ஒன்றரைப் பக்கம். அதற்கு விபத்து அறிக்கை என்று பெயர். நல்ல நடை. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கீழே என் கையெழுத்து. அதில் இருந்தது ஒரே ஒரு பொய்தான். அந்த ஒரு பொய்யால் ஒருவனுக்கு வேலை போனது, ஒரு நாய்க்கு

இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். முடிக்க என்னால் ஆகவில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

மூன்று வருடம் கழித்து இப்போது எதற்கு? ஒரு சிற்றிதழ் நண்பர் கேட்டார்: "நெஞ்சைத் தொடுற மாதிரி ஒரு நாய்க்கதை குடுங்களேன்." அந்த மூன்று வார்த்தையில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நெஞ்சைத் தொடுகிற மாதிரி! நாய் வாலாட்டும், எஜமானன் அழுவான், நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டுவீர்கள். அதை நான் தரப்போவதில்லை.

2

தொடக்கங்கள் சில. எழுதியவை, கைவிட்டவை.

'லாரிகள் ஓயாத சாலையோரம், அதிகாலைப் பனியில், வெள்ளிக் கம்பியை வளைத்தாற்போல் ஒரு நாய் நின்றது.' (அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம். அழகாக எழுதத் தெரிந்ததுதான் அன்றைக்கும் கெடுதலாகப் போயிற்று.)

'ஏசுவடியானுக்கு நாய் என்றால் உயிர்.' (பொய். ஒருமுறை அவனிடமே கேட்டேன். "உசுரெல்லாம் இல்ல சார். எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்" என்றான்.)

'நான் அப்போது கார்க் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன்.' (இது உண்மை. இதில் தொடங்கலாம்.)

3

பாதுகாப்பு அதிகாரி என்றால் துப்பாக்கி பிடிப்பவன் இல்லை. தலைக்கவசம் போட்டிருக்கிறானா, எண்ணெய் சிந்திக் கிடக்கிறதா, கால்வாய்க்கு மூடி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் 'சரி' போடுகிறவன். வாயிற்காவல் ஒரு ஏஜென்சியின் பொறுப்பு. அந்த ஏஜென்சி அந்த வருடம் ஜூன் மாதம் ஒரு நாயையும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் அனுப்பிவைத்தது.

ஆள், ஏசுவடியான். இருபத்தாறு வயது. கயத்தாறு பக்கம் ஊர். இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பேரோடு ஓர் அறை. நாய், சிப்பிப்பாறை. சாம்பல் நிறம், ஒட்டிய வயிறு, அம்பு மாதிரி மூஞ்சி. ஏஜென்சிப் பதிவேட்டில் அதன் பெயர் 'டைகர்'. அது பெண் நாய் என்பதைக்கூட ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஏசுவடியான் அதை மைனா என்று கூப்பிட்டான்.

முதல் நாளே என்னிடம் வந்து நின்றான்.

"சார், தப்பான நாயைக் கொண்டாந்துட்டாவ."

"ஏன், சீக்கா?"

"சீக்கெல்லாம் இல்ல. இது காவல் சாதியே கிடையாது சார். கண்ணால வேட்டையாடுத சாதி. ஆளைப் பாத்துக் குலைக்காது. தூரத்துல முயலு ஒண்ணு அசைஞ்சாப் போதும், பறந்துரும். முயலு நின்னுட்டுன்னா இதுவும் நின்னுரும். இங்க ரெண்டரைக்குச் சங்கு ஊதுனதும் பஸ்ல சீட்டுப் புடிக்க இருநூறு பேரு ஓடுதாவ. அதுக்கு அவ்வளவும் முயலு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

4

அவன் பழக்கிய விதத்தை எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று பல நாள் பார்த்திருக்கிறேன். கையில் கம்பு கிடையாது. இடுப்பில் ஒரு துணிப்பை, அதில் வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு துண்டாக.* வாயிலிலிருந்து நூறு அடி தள்ளி மைனாவோடு நிற்பான். சங்கு ஊதும். வாயிலில் ஆட்கள் ஓடுவார்கள். மைனாவின் காது விறைக்கும், முதுகு ஒரு கோடாக நீளும். அது பாயும் முன் நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்புவான். டக். மைனா திரும்பிப் பார்த்த அந்த நொடியில் அதன் வாய்க்குள் ஈரல் இருக்கும்.

இவ்வளவுதான். தினமும் இதையே செய்தான். பத்து நாளில், சங்கு ஊதியதும் மைனா ஓடுகிறவர்களை விட்டுவிட்டுத் தானாக அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு பத்து அடி முன்னால் வந்தார்கள். அங்கே தடுமாறினால் மறுநாள் ஐந்தடி பின்னால் போனார்கள். ஜூலைக் கடைசியில் ஐம்பது அடி.

"பழகிடுச்சே, கேட்டுக்கே கொண்டுவந்துடலாமே" என்றேன்.

"இன்னும் ஆவல சார். அம்பது அடியில அது என்னையப் பாக்கு. முப்பது அடியில நான் ஒருத்தன் இருக்கதே அதுக்குத் தெரியாது. அங்கன கொண்டுபோய் நிறுத்தி, பாயுதேன்னு அடிச்சோம்னு வைங்க. யாரால அடி விழுந்துச்சுன்னு நினைக்கும்? ஓடுதவனாலன்னு நினைக்கும். அதுக்குப் பொறவுதான் சார் நெசமாவே கடிக்கப் படிக்கும்."

"எங்க கத்துக்கிட்ட?"

"ஒரு பண்ணையில. முதல்ல அடிச்சிப் பழக்குத எடத்துல ரெண்டு வருசம் இருந்தேன். ஒரு நாயிக்கு என்னாலதான் கண்ணு போச்சு."

* ஈரல் கேன்டீன் சமையலறையிலிருந்து கேட்காமல் எடுத்தது. லீவு விஷயத்தில் என்னிடம் இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறான். இதை எழுதக் காரணம், அவனை நான் புனிதனாக்கிவிடுவேனோ என்ற பயம். புனிதனுக்கு நடந்தால் சோகம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். இது அநியாயம். அநியாயம் சாதாரண ஆட்களுக்குத்தான் நடக்கிறது.

5

கோதண்டராமனை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஏஜென்சியின் சூப்பர்வைசர். உள்ளூர்க்காரர். அவரை அரக்கனாக்கிவிட்டால் எனக்கு வசதி. 'சிவந்த கண்களும் முறுக்கிய மீசையுமாக' என்று ஒரு வரி எழுதினேன். (அவருக்கு மீசையே கிடையாது.) அத்தனை காவலாளிகளுக்கும் டீ வாங்கித் தருவார். ஆனால் இதையும் சொன்னார்:

"இன்னா சார் இது, நாய்க்குக் கொயந்த மாதிரி ஊட்டிகினு கீறான்? ரெண்டு போட்டா தன்னால அடங்கும். என்னிய எங்கப்பன் பெல்ட்டாலதான் வளத்தாரு. நான் இன்னா கெட்டா பூட்டேன்?"

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன்: ஆமாம். கெட்டுத்தான் போயிருக்கிறீர்கள். வலித்தது உங்களுக்கு மறந்துவிட்டது, அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. கெட்டுப்போவது என்றால் வேறென்ன?

6

ஆகஸ்ட் ஒன்பது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். நாயை வாயிலில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்றார் கோதண்டராமன். ஏசுவடியான் முடியாது என்றான். கோதண்டராமன் சங்கிலியை அவன் கையிலிருந்து பிடுங்கினார். உள்பக்கம் முள் வைத்த கழுத்துப்பட்டை ஒன்றை மாட்டி, மைனாவைச் சரியாக இரண்டரை மணிக்கு வாயிலில் கொண்டுபோய் நிறுத்தினார். வாயிலின் இரும்புத் தூணிலிருந்து நான்கடி. ஏசுவடியான் கையைக் கட்டிக்கொண்டு முப்பதடி தள்ளி நின்றான். நான் அவன் பக்கத்தில் நின்றேன். தடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சங்கு ஊதியது. முதலில் ஓடிவந்தவன் சாம்சன், ஒப்பந்தத் தொழிலாளி, பக்கத்துக் கிராமம். மைனா பாய்ந்தது. கோதண்டராமன் சங்கிலியைச் சுண்டி இழுத்தார். முள் இறங்கியது. நாய் கத்திய கத்தலை எழுத எனக்குச் சொல் இல்லை. அடுத்து லத்தி விழுந்தது, முதுகில், இரண்டு முறை. மூன்றாவது ஓங்கலில் சங்கிலி அவர் கையிலிருந்து நழுவியது.

சாம்சன் வந்த வழியே திரும்பி, பின்னால் பார்த்துக்கொண்டே ஓடினான். வாயிலுக்கு உள்பக்கம் மழைநீர்க் கால்வாய். அதன் இரும்பு மூடிகளில் ஒன்று இரண்டு வாரமாக இல்லை. அவன் கால் அந்த ஓட்டைக்குள் போனது. முன்னால் விழுந்தான். வலது மணிக்கட்டு முறிந்தது.

மைனா அவன் மேல் பாயவில்லை. அவன் விழுந்து அசையாமல் கிடந்ததும் அதுவும் நின்றது. ஒரு முழம் தள்ளி, தலையைச் சாய்த்துக்கொண்டு, அவ்வளவுதானா என்பது போல.

டக்.

என் பக்கத்திலிருந்துதான் அந்தச் சத்தம். கழுத்தில் ரத்தத்தோடு, முதுகில் அடியோடு, ஓடும் இருநூறு பேருக்கு நடுவே, அந்த நாய் திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்து அவனிடம் வந்தது. முப்பதடியில் ஆகாது என்று அவனே சொல்லியிருந்தான். அவன் பைக்குள் கைவிட்டு ஈரல் எடுத்துக் கொடுத்தான்.

ஒரு பல்கூட எவர் மேலும் படவில்லை. இருநூறு பேர் சாட்சி.

7

இப்போது அறிக்கை.

மனிதவள மேலாளர் சண்முகசுந்தரம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "டிரெய்னேஜ் கால்வா மூடி செக்லிஸ்ட்டுல யாரு சரி போட்டிருக்கா?"

நான்தான். இரண்டு வாரமும். பார்க்காமலே.

"அப்ப மூடின்னு எழுதினா உங்க வேலை போகும். நாய்னு எழுதினா நாய் போகும். நீங்க எழுதற ஆளு, உங்களுக்குத் தெரியாததா?"

சாம்சன் மாவுக்கட்டோடு வந்து நின்றான். "நாய் கடிக்கல சார். நான்தான் அந்த ஓட்டைல காலை வுட்டேன். அது சும்மா நின்னுகினு இருந்துச்சு." ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதை அவனுக்கு ஞாபகப்படுத்தினார்கள். இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

நான் எழுதினேன்: 'கட்டுப்பாட்டை மீறிய ஆக்ரோஷமான காவல் நாய், தொழிலாளியைத் துரத்திக் கடித்ததில் அவர் நிலைதடுமாறி விழுந்தார். நாயைப் பராமரித்தவரின் தவறான பயிற்சி முறையே காரணம்.'

எழுதி முடிக்கும் முன்பே, வெளியே கால்வாய்க்குப் புது மூடி வைத்து வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள். அதன் பொறிவெளிச்சம் என் சன்னலில் அடித்தது.

'தவறான பயிற்சி முறை.' அந்தத் தொழிற்சாலையில் ஒரே ஒரு சரியான பயிற்சிதான் நடந்தது. அதைத்தான் தேர்ந்தெடுத்து அந்தப் பெயர் வைத்தேன்.

மறுநாள் காலை ஏஜென்சியின் வேன் வந்தது. வேலை போன கடிதத்தை ஏசுவடியான் படித்துப் பார்க்கவில்லை, மடித்துப் பையில் வைத்தான். மைனா வேனுக்குள் ஏற மறுத்தது. அவனையே ஏற்றிவிடச் சொன்னார்கள். நாக்கைத் தட்டிக் கூப்பிட்டிருந்தால் அது தானாக ஏறியிருக்கும். அவன் அதைச் செய்யவில்லை. இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, தானும் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வேன் போய்விட்டது.

8

முடிவுகள்.

முதலாவது: வழியில் எங்கோ அவன் மைனாவோடு இறங்கிவிடுகிறான். கயத்தாற்றுக் கரிசல் காட்டில் அது முயல் விரட்டுகிறது. (நண்பரின் இதழுக்கு இது பிடிக்கும்.)

இரண்டாவது: 'ஆக்ரோஷமான நாய்' என்று தாளில் இருக்கிறது. அப்படிப்பட்ட நாயை என்ன செய்வார்களோ அதைச் செய்கிறார்கள். (இதை எழுதி நீங்கள் அழுதால், அந்த அழுகையில் எனக்குப் பங்கு கிடைக்கும். எனக்கு அருகதை இல்லை.)

மூன்றாவது: நான் மனம் மாறி, அறிக்கையைத் திருத்தி, வேலையை விடுகிறேன்.

மூன்றாவதைப் படித்துவிட்டு நானே தாளைக் கிழித்தேன். அடுத்த ஏப்ரலில் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

9

இந்த வருடம் மார்ச்சில், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஒரகடம் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிர் சீட்டில் ஏசுவடியான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, முகத்தைத் திருப்பவில்லை.

"நல்லாருக்கியா?" என்றேன்.

"இருக்கேன் சார்."

"மைனா?"

"எதுக்குக் கேக்கிய?"

"அன்னைக்கு நடந்ததை எழுதிக்கிட்டிருக்கேன். நடந்தது நடந்தபடி. முடிவு மட்டும்தான் எனக்குத் தெரியல."

அவனுக்குக் கோபம் இருந்தது; ஆனால் குரலை உயர்த்தவில்லை. நாயிடமும் அவன் குரல் உயர்த்தியதில்லை.

"உசுரோட இருக்குன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதி வந்துரும். செத்துட்டுன்னு சொன்னா உங்களுக்குக் கதை வந்துரும். ரெண்டுல எதையும் நான் உங்களுக்குத் தர மாட்டேன் சார்."

ஆட்டோவில் பதினோரு பேர். நகர்ந்து உட்கார இடமில்லை. ஒரகடம் வரை எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டே வந்தன. அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான், நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆக, இந்தக் கதைக்கு முடிவு உண்டு. அது அவனிடம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்கள் போய் அவனிடம் கேளுங்கள். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட்டவரில்லை என்றால், ஒருவேளை சொல்வான்.