மைக்கை ஆஃப் பண்ணு

எனக்கு வாய் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட அது மேல். பதினெட்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஏழாம் வகுப்பு கப்சிப்பென்று அடங்கிவிடும். அதில் எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

பள்ளிக்கூடம் ஒன்றேகால் வருடம் மூடிக் கிடந்தது. பாடமெல்லாம் போனிலும் கம்ப்யூட்டரிலும் நடந்தது. நாற்பது பிள்ளைகளும் திரையில் நாற்பது கட்டங்களாக வந்து உட்காருவார்கள். ஒரு வீட்டில் நாய் குரைக்கும். ஒரு வீட்டில் யாரோ விடாமல் இருமுவார்கள். இன்னொரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை பிடிப்பது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். எனக்கு மண்டை காய்ந்துவிடும். "மைக்கை ஆஃப் பண்ணு! எத்தனை தடவ சொல்றது, மைக்கை ஆஃப் பண்ணு!" என்று கத்தியே தொண்டை கட்டிப்போனது.

அதிலும் தையல்காரர் மகள் இருந்தாளே, அவள் மைக்கைத் திறந்தால் போதும், கடகடவென்று மெஷின் ஓடும். அப்பாவின் கடையில் உட்கார்ந்து, அப்பாவின் போனில், காதில் வயரை மாட்டிக்கொண்டு பாடம் கேட்கிற பெண் அவள். நான் கேள்வி கேட்டால் பதில் வர ஒரு யுகம் ஆகும். பதில் தெரியாமல் இல்லை, மைக்கைத் திறந்தால் நான் கத்துவேனே என்று பயம். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது அவள் மந்தம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒருவழியாகப் பள்ளி திறந்தது. திங்கட்கிழமை காலை வகுப்புக் கதவைத் தள்ளினால், பலகையில் கடைசி நாளின் தேதியும் பாதியில் விட்ட கணக்கும் அப்படியே இருந்தன. பெஞ்செல்லாம் விரல்கனத் தூசி. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. கால்சட்டைகள் கணுக்காலுக்கு மேலே நின்றன. கட்டத்துக்குள் மூக்கும் நெற்றியுமாக மட்டும் தெரிந்தவர்கள் முழு ஆளாக நடந்து வருவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே காட்டிக்கொள்ளாமல், "என்ன சந்தையா இது? போய் உக்காருங்க" என்று ஒரு அதட்டல் போட்டேன்.

மறுநாள்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. தையல்காரர் மகளைப் பலகைக்கு வந்து ஒரு பின்னக் கணக்கைப் போடச் சொன்னேன். அவள் எழுந்தாள். பின்பெஞ்சில் ஒருவன் விரலை மேசை விளிம்பில் சர்ரென்று உரசினான். இன்னொருவன் வாயைக் குவித்து 'புஸ்' என்றான். வகுப்பு முழுவதும் குபீரென்று சிரிப்பு. யாரோ அடிக்குரலில், "தீப்பெட்டி வருது, வழி விடு" என்றார்கள். பலகைவரை வந்து கையில் சாக்பீஸோடு நின்றவள், ஒரு எண்கூட எழுதாமல் போய் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். முகம் சுவரைப் பார்த்திருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! பிரம்புக் காலமெல்லாம் போய்விட்டது, இல்லாவிட்டால் அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ. "யார்டா அது? ஒரு பொண்ணைப் பேர் வெச்சுக் கேலி பண்றது? வெக்கமா இல்ல?" என்று தாண்டிக் குதித்தேன்.

புதன்கிழமை தையல்காரரே வந்துவிட்டார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மகளுக்கு டி.சி. கேட்டு எழுதிய கடிதம்.

"என்னங்க இது? நாலு தெரு தள்ளி இருக்கற பள்ளிக்கூடத்த விட்டுட்டு எங்க சேக்கப் போறீங்க?"

"எங்கயாவது சேக்கணும் டீச்சர். திங்கக்கிழமையிலிருந்து அழுதுக்கிட்டே இருக்கா. ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடறாங்களாம். யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. படிப்பே வேணாம், உங்ககூட மெஷின்ல உக்காந்துக்கறேன்னு சொல்றா. வேற பள்ளிக்கூடம்னா வருவியான்னு கேட்டேன். யோசிக்கறேங்கறா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றேன். "எவன்னு கண்டுபிடிச்சு உங்க முன்னாடியே நிக்க வைக்கல, என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருத்தர் போதும் டீச்சர். எங்க வீட்டுல நீங்க சொன்னா சொன்னதுதான். அவ அம்மா சொன்னாக்கூட கேக்க மாட்டா, எங்க டீச்சர் இப்படித்தான் சொன்னாங்கம்பா." கடிதத்தைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன் டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குள் ஒரு மிதப்பு, மறைக்க மாட்டேன்.

வியாழக்கிழமை விளையாட்டுப் பீரியடை நானே வாங்கிக்கொண்டேன். கதவைச் சாத்தினேன்.

"நல்லா கேட்டுக்கோங்க. இந்தப் பேர வெச்சது யாரோ, அவங்க நாளைக்கு இந்தப் பலகைக்குப் பக்கத்துல நிக்கணும். நான்தான் வெச்சேன்னு எல்லார் முன்னாடியும், அவ அப்பா முன்னாடியும் சொல்லணும். அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். மணி அடிக்கற வரைக்கும் உக்காரக் கூடாது. யாரா இருந்தாலும் சரி, எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விரலை உரசிய பின்பெஞ்சுக்காரனை எழுப்பினேன்.

"நீதானே?"

"நான் இல்ல டீச்சர். நான் சும்மா செஞ்சேன். பேர் நான் வெக்கல."

"பின்ன யாரு?"

அவன் கூரையைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் வந்த சிரிப்பை இருமலாக மாற்றினான். எனக்குத் தலைக்கேறியது. "நீங்க எல்லாம் மனுஷப் பிள்ளைங்களா? ஒரு குழந்தை மனசை இப்படி நோகடிக்கறவன் உருப்படுவானா? அவன் வீட்டுல வளத்த லட்சணம் அப்படி!" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். தையல்காரர் மகள் எழுந்து, "விடுங்க டீச்சர், வேணாம்" என்றாள். "நீ உக்காரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவளையும் அடக்கினேன்.

வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், எல்லோரும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். அரை மதிப்பெண்ணுக்கு அரை மணி நேரம் வாதாடுவாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் கதவருகே நின்றாள்.

"டீச்சர், திட்டாம கேப்பீங்களா?"

"சொல்லு."

"போன வருஷ ரெக்கார்டிங் எல்லாம் இன்னும் இருக்குல்ல? பின்னம், ரெண்டாவது கிளாஸ். கடைசிப் பத்து நிமிஷம் பாருங்க டீச்சர்." சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள்.

வகுப்புக்கு வராத பிள்ளைகள் பிறகு பார்க்கட்டும் என்று ஒவ்வொரு பாடத்தையும் பதிவு செய்து நான்தான் ஏற்றி வைப்பேன். ஆசிரியர் அறையில் ஒருவரும் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் பின்ன வகுப்பைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். மூன்றாவதைப் பார்த்தவர்கள் ஏழு பேர். இரண்டாவதைப் பார்த்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டாவதன் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டினேன்.

பயிற்சிக் கணக்கு கொடுத்துவிட்டு, சத்தம் தாங்காமல் எல்லோருடைய மைக்கையும் ஒரே அமுக்கில் பூட்டியிருக்கிறேன். பிள்ளைகளே திறக்க முடியாத பூட்டு அது. என்னுடையதையும் சேர்த்து அணைத்ததாக நினைப்பு. அது திறந்தே இருந்தது. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தவர், "என்ன, முகமே சரியில்ல?" என்று கேட்பது தெளிவாகக் கேட்டது. நான் பக்கவாட்டில் திரும்பிச் சொல்கிறேன்:

"எல்லாம் அந்தத் தையல்காரர் பொண்ணுதான். ஈரத் தீப்பெட்டிங்க அது. எத்தனை தடவ உரசினாலும் பத்திக்காது." விரலை மேசை விளிம்பில் சர்ரென்று உரசிக் காட்டுகிறேன். "புஸ்!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை என் எதிரிகூடக் கேட்கக் கூடாது.

கட்டங்களில் பிள்ளைகள் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் இரண்டு கையையும் ஆட்டி, மைக்கைக் காட்டி, வாயைப் பொத்திக் காட்டுகிறாள். சொல்லத்தான் யாருக்கும் வழியில்லை, வாயை நான் பூட்டிவிட்டேனே. தையல்காரர் மகள் மட்டும் கையை ஆட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கட்டம் கறுத்துப் போனது. அன்றிலிருந்து அவள் கேமராவைத் திறக்கவே இல்லை. வருகைப் பதிவில் நான் நெட் பிரச்சினை என்று எழுதி வந்திருக்கிறேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உருப்படுவானா என்று சற்று முன் நான் கேட்ட கேள்வி என் காதிலேயே வந்து விழுந்தது. அப்புறம் செய்ததைச் சொல்லவும் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். கதவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. அந்தப் பதிவை அழித்தேன். உண்மையாகவே அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன்.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம்கூட வாயைத் திறக்கவில்லை. அழித்தாயிற்று, இனி யார் நிரூபிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேருடைய காதை எப்படி அழிப்பது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தையல்காரர் சொன்ன நேரத்துக்கு வந்து வாசலில் நின்றார். நல்ல சட்டையாகப் போட்டிருந்தார். டேப் இல்லை. நாற்பது பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

"நானும் ரெண்டு நாளா விசாரிச்சுப் பாத்தேன். யாருன்னு... சரியா கண்டுபிடிக்க முடியல."

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாள். சண்டை போடுவாள் என்று பயந்தேன். அவள் போடவில்லை. எனக்காக அவள் வெட்கப்பட்டாள், அவ்வளவுதான்.

தையல்காரர் இரண்டு கையையும் கூப்பினார். "பரவால்ல டீச்சர். எங்க குழந்தைக்காக நீங்க இவ்வளவு பாடுபட்டீங்களே, அதுவே போதும். இந்த நன்றிய மறக்க மாட்டோம்."

அப்போது அவர் மகள் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவசர அவசரமாக வாசலுக்குப் போய், "போலாம்பா. டீச்சர் என்ன பண்ணுவாங்க, பாவம். வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். யாரும் சொல்லிவிடுவதற்குள் அப்பாவை வெளியே கூட்டிப் போய்விட வேண்டும் என்ற பதற்றம் அது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை, என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது.

"நில்லும்மா" என்றேன். நடந்து போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பேர் வெச்சது நான்தான்."

தையல்காரருக்கு முதலில் புரியவில்லை. சிரித்த முகமாகவே என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் கேட்டது, நான் சொன்னது, விரலை உரசிக் காட்டியது, சிரித்தது. நேற்று அதை அழித்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் பொய் சொன்னது. சொல்லச் சொல்ல அவருடைய கூப்பிய கை மெல்ல இறங்கியது.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றேன் அவளிடம்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க சொன்னது நெஜம் இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நீங்க சொன்னதால நெஜம்னு நெனச்சேன்" என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அதான் கணக்குப் போடறதையே விட்டுட்டேன். போட்டாலும் வராதுல்லன்னு."

எனக்கு வாய் நீளம் என்றேனே. அந்த வாய் செய்த வேலை இது.

தையல்காரர் மகளைக் கேட்டார், "என்னம்மா, போலாமா, இருக்கியா?" அவள் என்னையும் பலகையையும் பார்த்தாள். பிறகு மூன்றாவது பெஞ்சுக்குப் போய்ப் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், கடிதம் அங்கேயே இருந்தது. எப்போதும் வரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் வைத்த சட்டம், நானே நின்றேன். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னை உட்காரச் சொல்லவும் இல்லை.